பரிலோச்சே மலையில் மூன்று நாள்: ஃப்ரே வழியாக யாக்கோப்

அர்ஜென்டினாவின் ஏரிப் பகுதியில், நாவெல் வாப்பி தேசியப் பூங்காவுக்கு முதல் முறை முதுகுப்பையோடு போகிறவர்களுக்கு ஏற்ற பாதை இது. உயரம் இங்கே ஆளைப் படுத்தாது. நாம் இரவு தங்கும் ஃப்ரே, யாக்கோப் என்ற ரெஃபுஹியோக்கள், அதாவது மலைத் தங்குமிடங்கள், 1,600, 1,700 மீட்டரில்தான் இருக்கின்றன. படுத்துவது மேற்கிலிருந்து அடிக்கும் பசிபிக் காற்று. ஆகவே காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை நல்ல காலம். டிசம்பரில் கணவாய்ச் சரிவுகளில் பனி மிச்சமிருக்கும். காலையில் அது கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். ஜனவரியில் தாபானோ என்ற பெரிய ஈக்கள் மொய்க்கும். கறுப்பும் கருநீலமும் அவற்றை இழுக்கும், வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.

கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் மலைநடைப் பதிவு செய்வது கட்டாயம். படுக்கைக்கும் கூடார இடத்துக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். தங்குமிடத்தில் மெத்தை கிடைக்கும், ஸ்லீப்பிங் பேக் உங்களுடையது. 0 டிகிரி வரை தாங்கும் பை வேண்டும். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், பரிலோச்சே நகரில் வாங்கிக்கொள்ளுங்கள். விறகுத் தீ கூடாது. பேருந்துக்கு சூபே என்ற பயணக் கட்டண அட்டை தேவை.

முதல் நாள், மலையடிவார ஊரான வில்லா கதெத்ராலிலிருந்து ஃப்ரே: ஏறக்குறைய 10 கி.மீ., நான்கு மணி நேரம். முதல் பாதி குத்தியரஸ் ஏரியைப் பார்த்தபடி போகும் வெயில் பாதை, ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள். வான் டிட்டர் ஓடைப் பள்ளத்தாக்கில் திரும்பியதும் லெங்கா மரக்காட்டு நிழல் வந்துவிடும். கடைசி ஏற்றம் செங்குத்து. மேலே தோன்செக் ஏரிக்கரையில் மண் மேலோட்டமாகத்தான் இருக்கும், கூடார முளை பிடிக்காது. கற்சுவர் எழுப்பிய இடமாகப் பார்த்து, கயிறுகளைப் பெரிய பாறைகளில் கட்டுங்கள். முளையை மட்டும் நம்பினால் நள்ளிரவில் கூடாரம் பிய்த்துக்கொண்டு போகும்.

இரண்டாம் நாள்தான் உண்மையான வேலை, ஆறேழு மணி நேரம். காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். ஷ்மோல் ஏரிக்கு ஏறி, 'கால்பந்துத் திடல்' என்று பெயர் பெற்ற சமதளத்தைக் கடந்து கணவாய்க்குப் போக வேண்டும். திடலில் நேராக நிற்க முடியாத அளவு காற்று என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள், கணவாயில் அது இன்னும் கடுமையாக இருக்கும். அதற்கப்பால் ருகாகோ பள்ளத்தாக்கு வரை உதிர்கல் சரிவு. குதிகாலை அழுத்தி, உடலைப் பின்னால் சாய்க்காமல் இறங்குங்கள். பின்னால் சாய்ந்தால் கால் வழுக்கும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் போகக் கூடாது, உருளும் கல் நின்று கேட்காது. கீழே சதுப்பில் பலர் வழி தவறுவதற்குக் காரணம், சேற்றைத் தவிர்க்க ஒதுங்கி ஒதுங்கிப் பாதையை விட்டுவிடுவதுதான். கால் நனைந்தாலும் பரவாயில்லை. சிவப்புப் புள்ளியையோ கல் அடுக்கையோ கண்ணில் வைத்துக்கொண்டு நடங்கள். பிறகு பிரெச்சா நெக்ரா கணவாய் ஏறி இறங்கினால் யாக்கோப் ஏரி.

அங்கிருந்து லகூனா நெக்ரா ஏரிக்குப் போகும் வழி கவர்ச்சியாகத் தெரியும். குறிகள் குறைவு, பாறை ஆபத்தானது. அனுபவமுள்ள துணை இல்லாமல் வேண்டாம்.

மூன்றாம் நாள் காசா தே பியெத்ரா ஓடையோடு இறங்கி, மலைப்பாதை முடியும் இடமான தாம்போ பாயெஸை அடையலாம், ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துச் சாலை அங்கிருந்தும் கொஞ்சம் தள்ளியே இருக்கிறது.

இப்பகுதியில் காட்டெலி மூலம் ஹண்டா வைரஸ் பரவுகிறது. பூட்டிக் கிடந்த குடிலில் படுக்காதீர்கள். உணவை மூடிய டப்பாவில் வையுங்கள். திரும்பிய ஆறு வாரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.