பெங்களூரு வீட்டில் கொம்புத் தவளை: முதலில் மண்ணும் தண்ணீரும்

கொம்புத் தவளை வாயால் தண்ணீர் குடிக்காது. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். அதன் மண்ணிலும் தண்ணீரிலும் எது கலந்திருந்தாலும் நேரே உடம்புக்குள் போய்விடும். அதனால் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தொட்டியைத் தயார் செய்துவிடுங்கள்.

கடையில் ‘பேக்மேன்’ என்று கேட்டால் தருவது இதைத்தான். தென் அமெரிக்க இனம். பெண் 12, 13 செ.மீ. வரை வளரும், ஆண் சிறியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். மழை பெய்ததும் ஏரிக்கரையில் மஞ்சளாகத் தெரியும் நம்மூர்ப் பெரிய தவளையைப் பிடித்து வளர்க்கக் கூடாது. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. வளர்ப்பில் பிறந்த குஞ்சாகப் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள்.

1. தொட்டி. 45 × 30 × 30 செ.மீ. கண்ணாடித் தொட்டி, மேலே காற்றோட்டமுள்ள மூடி. ஒரு தொட்டிக்கு ஒரே தவளை. இரண்டை விட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும்.

2. மண். உரம் சேர்க்காத 650 கிராம் கோகோபீட் கட்டி இரண்டு. தென்னை நாரில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறையாவது தண்ணீர் மாற்றுங்கள். கைப்பிடி அள்ளி அழுத்தினால் ஓரிரு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. 8 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் தவளை தானே குழி பறித்து உட்கார்ந்துகொள்ளும். அழகுக்காகக் கூழாங்கல் போடாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

3. தண்ணீர். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை, பாட்டிலில் உள்ள அளவுப்படி கலந்த பிறகே ஊற்றுங்கள். அடுக்குமாடிகளில் போர் தண்ணீரை, கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரில் விட்டுத் தருவார்கள். அதில் சோடியம் கூடிவிடுவதால் தவளைக்கு வேண்டாம். கவிழாத கனமான தட்டில், தவளையின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் போதும். இதற்கு நீந்தத் தெரிவது குறைவு, ஆழமானால் மூழ்கிவிடும். தட்டைத் தினமும் கழுவுங்கள், சோப்பு இல்லாமல்.

4. சூடு. 24 முதல் 28 டிகிரி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 16 டிகிரிக்கும் இறங்கும். குளிர்ந்தால் தின்ற இரை செரிக்காது. ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் தகடு) தொட்டியின் பக்கச் சுவரில் ஒட்டி, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். அடியில் வைக்கவே கூடாது. வெயிலுக்குத் தப்ப மண்ணுக்குள் இறங்குவது தவளையின் இயல்பு; அடியில் சூடு இருந்தால் அது தப்புவதாக நினைத்து இன்னும் ஆழமாகப் பறிக்கும், வயிறு வெந்துபோகும்.

5. தீனி. தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான், கிரிக்கெட் பூச்சி, மருந்தடிக்காத இடத்து மண்புழு. உரத்தொட்டியின் சின்னச் சிவப்புப் புழு கசப்பு நீர் விடும், தவளை துப்பிவிடும். இரண்டு கண்களுக்கு நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிய இரை வேண்டாம். குஞ்சுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி. வளர்ந்ததற்கு 7 முதல் 10 நாளுக்கு ஒரு வேளை. அசையும் எதையும் அது கவ்வும், அதைப் பசி என்று எண்ணிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். குஞ்சின் இரையை ஒரு வேளை விட்டு ஒரு வேளை வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியில் புரட்டுங்கள். இல்லாவிட்டால் தாடை மெத்தென்றாகி, கால் வளைந்துபோகும். தங்கமீன் வழக்கமான தீனியாகக் கூடாது, அதிலுள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கிறது. முனையில் ரப்பர் போட்ட இடுக்கியால் கொடுங்கள். விரலைக் கவ்வினால் எளிதில் விடாது.

கோளாறுகள். மார்ச்சில் காற்று வறண்டதும் தவளை மேல் காய்ந்த காகிதம் போல ஒரு படலம் மூடியிருந்தால் உரிக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், மூக்கு வெளியே இருக்கும்படி அரைமணி நேரம் வையுங்கள், தானே கழன்றுவிடும். பிறகு மண்ணின் ஈரத்தைச் சரிசெய்யுங்கள்.

அவசரமானது வேறொன்று. அசையாமல் இருக்கும் தவளை திடீரென்று துள்ளித் துள்ளி, கால்களை விறைப்பாக நீட்டினால் கழிவின் அம்மோனியா மண்ணில் சேர்ந்து உடம்பில் ஏறியிருக்கலாம். கையை ஈரப்படுத்திக்கொண்டு தூக்கி, குளோரின் நீக்கிய தண்ணீர் ஒரு செ.மீ. உள்ள டப்பாவில் விடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். பழைய மண் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் தவளை பார்ப்பதில்லை. யார் பார்ப்பார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைக் குறித்துவையுங்கள்.