தெரியாத ஊரில் மனை வாங்கும் முன்

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பழக்கமில்லாத ஊரில் முதல் மனை வாங்குகிறவர்கள் பலர், புரோக்கர் காரில் ஏறிப்போய் அவர் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். கிளம்பும் முன் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த மனையை அப்போதே மறந்துவிடலாம்.

தந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்த இடத்தின் விற்பனை, அடமானப் பதிவுகளை, இலவசமாகப் பார்க்கலாம். அடமானம் இருக்கிறதா என்று தேடுவதோடு பலரும் மூடிவிடுவார்கள். பக்கத்து சர்வே எண்களையும் போட்டுப் பாருங்கள். சமீபத்தில் எது என்ன தொகைக்குக் கைமாறியது என்று தெரியும். குறைத்துக் காட்டிப் பதிவு செய்வது சகஜம்தான், அதனால் அதையே சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் புரோக்கர் சொல்லும் விலையோடு வைத்துப் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்' என்பார்கள். அது மட்டும் போதாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் எண் வேண்டும். பெரிய லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் பாருங்கள்.

கையிருப்பைக் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நேரில் பார்க்க நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். புரோக்கர் இல்லாமல்.