மலிவு விலை பிரிட்டிஷ் தேயிலையைச் சுவைத்து மதிப்பிட

யார்க்‌ஷயர் டீ, பிஜி டிப்ஸ் போன்ற பிரிட்டனின் அன்றாடத் தேயிலைகள் பால் சேர்த்துக் குடிப்பதை எண்ணியே கலக்கப்படுவதால், பாலின்றி மட்டும் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. சுவை பார்ப்பதற்கான தேநீரைத் தயாரிக்க 1980-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டுத் தரமுறையைப் பின்பற்றி, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலையிட்டு, மூடி வைத்து, 6 நிமிடம் ஊறியதும் வடித்து, முதலில் பாலின்றி ஒரு கரண்டியளவு உறிஞ்சி நாக்கு முழுவதும் பரவ விடுங்கள். நாவைத் துலக்கும் துவர்ப்பு நல்லது, தொண்டையில் தங்கும் கசப்பு நல்லதன்று. பிறகு சிறிது பால் சேர்த்தால் செம்பொன் நிறம் ஒளிர வேண்டும். சாம்பல் படர்ந்து மங்கினால் அதை நான் வாங்கமாட்டேன். லண்டன் போன்ற கடினநீர் ஊர்களில் சுண்ணாம்பினால் தேநீரின்மேல் ஏடு படிந்து சுவை மழுங்குவதுண்டு; ஆகவே இலையைக் குறைகூறுமுன், கடினத்தன்மையைக் குறைக்கும் வடிகட்டியில் வடித்த நீரில் மறுபடி போட்டுப் பாருங்கள்.