கொழும்பு வெக்கையிலயும் டீசல் வாகனத்துக்கு ஹீட்டர் வேணும்: ஒழுங்கா ஸ்டார்ட் பண்ற விதம்

அக்காட மகன் போன மாசம் ஒரு பழைய டொயோட்டா டொல்பின் வான் எடுத்தான். இவ்வளவு நாளும் பெற்றோல் கார் மட்டும் ஓடினவன், டீசல் இதுதான் முதல். அடுத்த நாள் விடிய வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்டுக்குக் கீழ அவன் ஸ்டார்ட் அடிக்கிற சத்தம் மூணாம் மாடி வரைக்கும் கேட்டுது, ர்ர்ர்ர்ர்ருன்னு நீட்டி ஒரு பதினைஞ்சு செக்கன், நிப்பாட்டி உடனே திருப்பியும் அதே மாதிரி, பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கிட்டு ஒரு மாதிரி எஞ்சின் பிடிச்சுது. இறங்கிப் போய் "ஏன் தம்பி, ஹீட்டர் லைட் அணையிற வரைக்கும் நிக்கலையா"ன்னு கேட்டா, "மாமா, ஹீட்டர் நுவரெலியா பக்கத்துக்குத் தானே, கொழும்பு வெக்கைக்கு என்னத்துக்கு"ன்னு கேக்கிறான். இதே கதையை நான் எத்தனையோ ட்ரைவர்மார் வாயால கேட்டிருக்கேன், பிழையான கதை, அதாலதான் இதை வடிவா எழுதி வைக்கிறேன். ஹீட்டர் எண்டது இங்க ஆளுக்கு வெக்கை குடுக்கிறது இல்லை, ஸ்டார்ட் அடிக்க முந்தி எஞ்சினுக்குள்ள சூடாக்குற சாமான்.

முதல்ல ஒரு விசயம் விளங்கணும். டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் ப்ளக் கிடையாது. பிஸ்டன் மேல வந்து காத்தை அமுக்குற அமுக்குல வாற சூட்டுலதான் டீசல் பத்துது. பெற்றோல் எஞ்சின் காத்தைப் பத்துல ஒண்டு, பன்னிரண்டுல ஒண்டாத்தான் அமுக்கும், டீசல் அதையே இருபதுல ஒண்டு வரைக்கும் அமுக்கும், பழைய வான் எஞ்சின்கள்ல அதுக்கும் கொஞ்சம் மேல. ஓடிக்கிட்டு இருக்கிற எஞ்சின்ல அப்ப அந்தக் காத்து 500 டிகிரிக்கு மேல போகும். சரி, ஆனா ராத்திரி முழுக்க நிண்ட எஞ்சின்ட இரும்பு காலையில 25 டிகிரியில இருக்கும். நமக்கு அது வெக்கை, எஞ்சினுக்கு அது குளிர், ஏன்னா ஓடுற நேரம் அது 85, 90ல இருக்கிற சாமான். அமுக்கின காத்துட சூட்டை அந்தக் குளிர்ந்த இரும்பு உறிஞ்சி எடுத்திடும். அதோட ஸ்டார்ட்டர் சுத்துற வேகத்துல அமுக்கமும் மெதுவாத்தான் நடக்குது, சூடு வெளியால போக இன்னும் நேரம் கிடைக்குது. டொல்பின், டவுன் ஏஸ், பழைய டெலிக்கா மாதிரி வாகனங்கள்ல டீசல் நேரா பிஸ்டனுக்கு மேல அடிக்காது, எஞ்சின் தலையில இருக்கிற ஒரு சின்ன அறைக்குள்ளதான் அடிக்கும், அந்த அறைட சுவர் சூட்டை இன்னும் கூட இழுக்கும். அதாலதான் அந்த எஞ்சின்களுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் ப்ளக் வச்சிருக்கிறாங்க. சாவியை ஓனுக்குக் கொண்டு வந்த உடனே அந்த ப்ளக்ட நுனி நெருப்பு மாதிரி சிவந்து 800 டிகிரிக்கு மேல போகும், தெளிக்கிற டீசல் அதுல பட்டுப் பத்தும்.

இப்ப செய்ற விதத்துக்கு வாறேன்.

வானுக்குள்ள ஏறினதும் ஹேண்ட் ப்ரேக் இழுத்திருக்கா, கியர் நியூட்ரல்ல இருக்கா பாருங்க, ஓட்டோ கியர் எண்டா பார்க்கிங்ல. ஏசி, ஹெட்லைட், ரேடியோ எல்லாத்தையும் ஓஃப் பண்ணுங்க. இது சும்மா சொல்ற கதை இல்லை, நாலு ஹீட்டர் ப்ளக்கும் ஒரே நேரத்துல 40 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அது முடிஞ்ச கையோட ஸ்டார்ட்டர் மோட்டர் அதைவிடப் பல மடங்கு இழுக்கும், பெட்டரி கொஞ்சம் பழசா இருந்தா இதுல ஏசி ஃபேனும் சேர்ந்தா போதும், சுத்து மந்தமாயிடும். மெனுவல் கியர்ல கிளச்சை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, அப்ப ஸ்டார்ட்டர் கியர் பெட்டியையும் சேர்த்துச் சுத்தத் தேவையில்லை.

சாவியை ஓன் வரைக்கும் மட்டும் திருப்பி அதிலயே நிப்பாட்டுங்க. டேஷ்போர்ட்ல சுருள் கம்பி மாதிரி ஒரு செம்மஞ்சள் லைட் பத்தும், அதுதான் ஹீட்டர் லைட். அது தானா அணையிற வரைக்கும் கையை எடுத்துட்டு இருங்க. கொழும்புல இது சில செக்கன்தான், ஒரு மூச்சு ரெண்டு மூச்சு. அவ்வளவு நேரம் பொறுக்க ஏலாமத்தான் பெட்டரியையும் ஸ்டார்ட்டரையும் நாசமாக்கிறோம். லைட் அணைஞ்ச உடனே ஸ்டார்ட் அடிங்க, அணைஞ்சதுக்குப் பிறகு போன்ல கதைச்சுக்கிட்டு இருந்திட்டு அடிச்சா ப்ளக் ஆறிடும், திரும்ப ஓஃப் பண்ணி முதல்ல இருந்து தொடங்கணும். காலையில வாகனம் பிடிக்கிறதுல ஒரு தயக்கம் தெரிஞ்சா, அடிக்க முந்தி சாவியை ஓஃப் பண்ணி ரெண்டாம் தரமும் ஹீட்டர் வச்சுப் பாருங்க, பழைய எஞ்சினுக்கு அது நல்லா உதவும். கடைக்குப் போய் அஞ்சு நிமிஷத்துல திரும்பி வாறீங்க, எஞ்சின் சூடா இருக்கு எண்டா லைட் பத்தாமலே விடலாம், இல்லாட்டி பத்தின உடனே அணைஞ்சிடும், அப்ப நேராவே அடிக்கலாம்.

ஸ்டார்ட் அடிக்கும்போது எக்ஸிலேட்டர்ல கால் வேணாம். நல்ல எஞ்சின் எண்டா ரெண்டு மூணு சுத்துல பிடிக்கும். பிடிச்ச உடனே சாவியை விடுங்க. பிடிக்கலையா, கூடினது 10 செக்கன், அதுக்கு மேல ஒரு செக்கனும் அடிக்காதீங்க. ஸ்டார்ட்டர் மோட்டர் தொடர்ந்து ஓடச் செய்த சாமான் இல்லை, அதுட கொயில் சூடாகிக் கருகிடும். குறைஞ்சது 30 செக்கன் பொறுத்து, ஹீட்டரும் திருப்பி வச்சுத்தான் அடுத்த தரம் அடிக்கணும். அப்படி மூணு தரம் அடிச்சும் வரலையா, நிப்பாட்டிட்டு காரணத்தைத் தேடுங்க. நாலாம் அஞ்சாம் தரம் அடிச்சு யாரும் நல்லதைக் காணேல்ல, நான் அப்படி ஒரு ஸ்டார்ட்டரை எரிச்சுப்போட்டு மரைன் ட்ரைவ்ல பள்ளிக்கூடப் பிள்ளைகளோட நடுவழியில நிண்டிருக்கேன், அந்தப் பிள்ளைகள்ட முகம் இண்டைக்கும் மறக்கேல்ல.

எஞ்சின் பிடிச்சதும் உடனே உறுமவிடாதீங்க. ஒயில் லைட்டும் பெட்டரி லைட்டும் அணையுதா பாருங்க. ராத்திரி முழுக்க ஒயில் கீழ சம்புக்கு, அதாவது எஞ்சின் அடியில இருக்கிற ஒயில் தொட்டிக்கு, இறங்கித்தான் இருக்கும், அது மேல ஏறி எல்லா இடமும் போக சில செக்கன் வேணும். டேர்போ இருக்கிற வாகனத்துக்கு இது உயிர்போற விசயம், டேர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துறது, அதைத் தாங்கிறது அந்த மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஐட்லிங்ல விட்டா போதும். பத்து நிமிஷம் நிப்பாட்டி வச்சு சூடாக்கிற பழக்கம் தேவையில்லை, டீசல் எஞ்சின் ஐட்லிங்ல சரியான மெதுவாத்தான் சூடாகும், டீசலும் வீண், பக்கத்து வீட்டு சனத்துக்கும் புகை. அதைவிட மெதுவா எடுத்து முதல் ரெண்டு மூணு கிலோமீட்டரை 2000 ஆர்பிஎம்முக்குள்ள ஓடுங்க, காலி வீதி காலை ட்ராஃபிக்ல எப்படியும் அதுக்கு மேல போகக் கிடைக்காது. ஃப்ளாட்டுகள்ட பேஸ்மென்ட் பார்க்கிங்ல நிக்கிற வாகனம் எண்டா இன்னும் கவனம், மூடின இடத்துல ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு நிக்கவே வேணாம், புகையில இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, ஆளை அப்படியே சாய்ச்சிடும்.

ஹீட்டர் ப்ளக் பழுதாப் போறதை கொழும்புச் சூடு மறைச்சு வச்சிடும், அதையும் சொல்லத்தான் வேணும். நாலுல ஒண்டு போனாலும் இங்க எஞ்சின் மத்த மூணுல பிடிச்சு, கொஞ்சம் நடுங்கி, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு சரியாயிடும், நாமளும் கவனிக்க மாட்டோம். ஒருக்கா ஏப்ரல் சீசனுக்கு குடும்பத்தோட நுவரெலியா போனோம். கொழும்புல ஒரே அடியில பிடிக்கிற வான். அங்க விடிய அஞ்சு மணிக்கு எவ்வளவு அடிச்சும் பிடிக்கேல்ல, கண்ணாடியெல்லாம் பனி, பிள்ளைகள் போர்வையைச் சுத்திக்கிட்டு ரோட்டுல நிக்குதுகள். கடைசியா பக்கத்து கராஜ் பாஸ் வந்து ப்ளக்குகளை ஒவ்வொண்டா சோதிச்சா நாலுல ரெண்டு செத்துப்போய். கொழும்புல அது எப்பவோ செத்திருக்கும். அதை நாமளே சோதிக்கலாம், பெரிய வேலை இல்லை. எஞ்சின் ஆறின பிறகு, சாவி ஓஃப்ல இருக்க, ப்ளக் தலைகளைச் சேர்க்கிற தகட்டைக் கழட்டி, மல்டிமீட்டரை ஓம்ல வச்சு ஒரு முனையை ப்ளக் தலையிலயும் மத்ததை எஞ்சின் இரும்பிலயும் பிடிங்க. நல்ல ப்ளக் ஒரு ஓமுக்குக் கிட்டத்தான் காட்டும், ஒண்டும் காட்டலை எண்டா உள்ளுக்குள்ள கம்பி அறுந்திட்டு. புதுசு வாங்க வாகன சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போறப்ப பழைய ப்ளக்கைக் கையில கொண்டு போங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளமும் வோல்ட்டும் வேற வேற, பிழையானதைப் போட்டா ஒரு கிழமையில எரிஞ்சிடும். போட்டா நாலையும் ஒண்டாப் போடுங்க. ப்ளக் எல்லாம் நல்லா இருந்தும் சிவக்கலை எண்டா அதுக்குக் கரண்ட் விடுற ரிலேயைப் பாருங்க, சாவி போட்டதும் பொனட்டுக்குள்ள டக்குன்னு ஒரு சத்தம் கேக்கணும்.

பிடிக்கலை எண்டா எங்க தேடுறது? காதையும் கண்ணையும் வச்சே பாதி சொல்லலாம். சுத்து மந்தமா, ஊ... ஊ...ன்னு இழுத்தா அது பெட்டரி, இல்லாட்டி டெர்மினல்ல பூத்த வெள்ளைப் பொடி. நிண்ட வாகனத்துல பெட்டரி 12.6 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கணும், 12க்குக் கீழ எண்டா காலி. சுத்து நல்லா இருக்கு, ஆனா சைலன்சர்ல துளி புகையும் இல்லையா, அப்ப டீசல் எஞ்சினுக்கு வந்து சேரேல்ல. சுத்தும் இருக்கு, வெள்ளைப் புகையும் பச்சை டீசல் மணமும் வருதா, டீசல் வருது, சூடு இல்லை, ஹீட்டர் பக்கம் போங்க. ஹீட்டரும் சரி எண்டா கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் காத்தை அமுக்குற பலம், பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கு.

டீசல் வராததுக்குப் பெரும்பாலும் காரணம் லைனுக்குள்ள காத்து. 2022 டீசல் வரிசையில நாள் கணக்கா நிண்டவங்களுக்கு இது நல்லாத் தெரியும், டாங்க் வத்திப்போய் கடைசியில டீசல் அடிச்ச பிறகும் வான் பிடிக்காது, வரிசையில பின்னால நிக்கிறவங்க எல்லாம் சேர்ந்து பெற்றோல் செட்டுக்கு வெளியால தள்ளிவிட வேண்டிவரும். அப்படி ஆனா சும்மா அடிச்சு அடிச்சு பெட்டரியை முடிக்காதீங்க. டீசல் ஃபில்டர் தலையில கையால அமுக்குற ஒரு பம்ப் இருக்கும், அது இறுகி அமுக்க ஏலாம வாற வரைக்கும் அமுக்குங்க, முப்பது நாப்பது தரம் கூட ஆகும். பிறகு ஹீட்டர் வச்சு அடிங்க, ரெண்டு மூணு தரத்துக்குள்ள இருமி இருமிப் பிடிக்கும். அந்த ஃபில்டருக்குக் கீழ ஒரு சின்ன வடிகால் ஆணி இருக்கும், டேஷ்போர்ட்ல டீசலுக்குள்ள தண்ணி இருக்குன்னு காட்டுற லைட் பத்தினா அதைத் தளர்த்தி சுத்தமான டீசல் வாற வரைக்கும் வடிச்சு விடுங்க. கால் டாங்குக்குக் கீழ இறங்க விடாம வச்சுக்கொண்டா இந்தக் கரைச்சல் ரெண்டும் குறையும்.

டொயோட்டா கேடிஎச் வான் மாதிரி கொமன் ரெயில், அதாவது கம்ப்யூட்டர் பார்த்து டீசல் அடிக்கிற, வாகனங்கள்ல டீசல் நேரா சிலிண்டருக்குள்ள அடிக்குது, அதால கொழும்புல ஹீட்டருக்குப் பெரிய வேலை இல்லை, லைட் பத்தினதும் அணையும். அதுக்காக ஒரே திருப்புல அடிக்காதீங்க, டேஷ்போர்ட் லைட்டுகள் பத்தி, கம்ப்யூட்டர் முழிச்சு, எந்த லைட் அணையாம நிக்குதுன்னு பார்க்கவாவது ஒரு ரெண்டு செக்கன் குடுங்க. பட்டன் ஸ்டார்ட் எண்டா ப்ரேக்கை மிதிச்சு ஒரு தரம் அமுக்கினா போதும், ஹீட்டர் தேவைன்னா பெரும்பாலான வாகனம் தானே பொறுத்துப் பிறகு சுத்தும், பிடிக்கலைன்னு நினைச்சு திரும்பத் திரும்ப அமுக்காதீங்க.

பெட்டரி இறங்கி இன்னொரு வாகனத்துல இருந்து வயர் போடறீங்க எண்டா, சிவப்பை முதல்ல இறங்கின பெட்டரிட ப்ளஸ்ல, அடுத்த முனையை நல்ல பெட்டரிட ப்ளஸ்ல, கறுப்பை நல்ல பெட்டரிட மைனஸ்ல, கடைசி முனையை இறங்கின வாகனத்துட எஞ்சின் இரும்பில பெட்டரிக்குத் தூரமா. டீசலுக்கு மெல்லிய வயர் சரிவராது, தடிச்ச வயரா வாங்கி வைங்க. நல்ல வாகனத்தை ஸ்டார்ட்ல விட்டு அஞ்சு நிமிஷம் பொறுத்திட்டு அடிங்க. பழைய மெனுவல் வானைத் தள்ளியும் எடுக்கலாம், ரெண்டாம் கியர்ல போட்டு கிளச்சை விட்டா பிடிக்கும், ஓட்டோ கியரைத் தள்ளிப் பிரயோசனமே இல்லை. எயார் ஃபில்டருக்குள்ள ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க, உள்ளுக்கு ஹீட்டர் ப்ளக் சிவந்து நிக்கும்போது அந்த ஸ்ப்ரே போனா நேரம் தவறிப் படார்னு வெடிச்சு பிஸ்டனையே உடைக்கும். செட்டுல மாறிப் பெற்றோல் அடிச்சிட்டாங்களா, சாவியை ஓனுக்குக் கூடக் கொண்டு வராதீங்க, அப்படியே தள்ளி ஓரமாக்கி டாங்கை இறக்கணும்.

மழைக்காலத்துல ஒண்டு. 2016 மே மாசம் களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமெல்லாம் மூழ்கினப்ப எத்தனை வாகனம் தண்ணி வடிஞ்ச பிறகு ஸ்டார்ட் அடிச்சே முடிஞ்சுது. தண்ணி அமுங்காது. சிலிண்டருக்குள்ள ஒரு கோப்பை தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுத்தினா பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ரொட் வளையவும் கூடும். வெள்ளத்துல நிண்ட வாகனமோ, தண்ணிக்குள்ள ஓடும்போது நிண்ட வாகனமோ, சாவியைத் தொடவே வேணாம், பெட்டரி மைனஸைக் கழட்டி, கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்க, அங்க பாஸ் ஹீட்டர் ப்ளக்குகளைக் கழட்டி, எஞ்சினைக் கையால சுத்தி, அந்த ஓட்டைகளால தண்ணி வெளியால வருதான்னு பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்டர் அடிக்கணும்.