மீன் கருவில் சர்க்கரை நொதிகள்: எங்கே சறுக்குகிறோம்?

சிங்கப்பூரில் இறுதியாண்டு ஆய்வுக்கு ஸீப்ரா மீன் கருவை எடுக்கும் மாணவர்களுக்குச் சயாலில்டிரான்ஸ்ஃபரேஸ் நொதிகள் நல்ல தலைப்பு. புரதங்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் சயாலிக் அமிலத்தை ஒட்டுபவை இவை. இவற்றின் மரபணுக்கள் எத்தனையாவது மணி நேரத்தில் வேலையைத் தொடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த மணிக்கணக்கிலேயே முதல் தவறு நடக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் '24 மணி நேரக் கரு' என்றால் 28.5 டிகிரியில் வளர்ந்தது என்று பொருள். முட்டைத் தட்டை ஏர்கோன் ஓடும் மேசையில் 25 டிகிரியில் விட்டால், அதே நிலையை எட்ட ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். வெளியே வெயில் கொளுத்தலாம், கருவுக்கு அது தெரியாது. அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு, மைக்ராஸ்கோப்பில் சோமைட்டுகளை (கருவின் முதுகோரம் வரிசையாக உருவாகும் திசுக் கட்டிகளை) எண்ணி நிலையைக் குறியுங்கள்.

அடுத்தது, என் பார்வையில் ஆகப் பெரிய பொறி. முதல் மூன்று மணி நேரம் வரை கருவின் சொந்த மரபணுக்கள் ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கும். அப்போது கிடைக்கும் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) எல்லாம் தாய் முட்டையில் வைத்து அனுப்பிய சீதனம். "ஒரு செல் நிலையிலேயே மரபணு இயங்குகிறது" என்று எழுதிவிடாதீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தாய் தந்த எம்ஆர்என்ஏக்களில் சிலவற்றின் நுனியிலுள்ள பாலி-ஏ வால் பிற்பாடுதான் நீள்கிறது. அந்த வாலில் ஒட்டும் ஆலிகோ-டிடி பிரைமரால் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டால்) சிடிஎன்ஏ, அதாவது எம்ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல், செய்தால், புதிதாக எதுவும் உருவாகாமலேயே அளவு கூடியதுபோலத் தெரியும். ஜீனோம் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2011-இல் வெளிவந்த ஆய்வு இத்தகைய எம்ஆர்என்ஏக்களைத் தனிக் குழுவாகவே காட்டியது. வாலை நம்பாமல் எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸமர் பிரைமராலும் ஒருமுறை செய்து பாருங்கள், வித்தியாசம் புரியும்.

எம்ஆர்என்ஏ அளவை அளக்கும் கியூபிசிஆரில் பீட்டா-ஆக்டின் மரபணுவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். வளரும் கருவில் அதுவே ஏறி இறங்குகிறதே! மீனில் இல்லாத ஓர் ஆர்என்ஏவை, லூசிஃபெரேஸ் போன்றதை, எல்லா மாதிரியிலும் சம அளவில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

அப்புறம் இரட்டைப் படிகள். ஸீப்ரா மீன் அடங்கிய டீலியோஸ்ட் என்ற எலும்பு மீன் பிரிவின் மூதாதையில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்தது. ஹெப்பரான் சல்ஃபேட் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியை மாற்றும் நொதியின் மரபணு ஹெச்எஸ்6எஸ்டி1 மனிதரில் ஒன்று, ஸீப்ரா மீனில் ஏ, பி என்று இரண்டு. பிரைமர் இரண்டிலும் ஒட்டினால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

கடைசியாக, எம்ஆர்என்ஏ இருக்கும் இடத்தை நிறத்தால் காட்டும் இன்-சிட்டு சோதனையில் மூளைப் பகுதி நீலமாக மாறியதும் "இங்கே பாலிசயாலிக் அமிலம் (சயாலிக் அமிலங்களின் நீண்ட சங்கிலி) இருக்கிறது" என்று சொல்லத் தோன்றும். நீலம் காட்டுவது அந்தச் சங்கிலியைக் கட்டும் நொதியான எஸ்டி8சியா2-வின் எம்ஆர்என்ஏவை மட்டும்தான். நொதி உருவாகி, செல்லுக்குள் சர்க்கரை ஒட்டும் இடமான கோல்ஜிக்குப் போய், சயாலிக் அமிலமும் அதைத் தாங்கும் என்கேம் புரதமும் அங்கே இருந்தால்தான் சங்கிலி நீளும். சர்க்கரையைக் காட்ட அதற்குரிய ஆன்டிபாடி வேண்டும். பாலிசயாலிக் அமிலத்தை வெட்டும் எண்டோ-என் நொதியால் சங்கிலியை வெட்டியதும் ஆன்டிபாடியின் ஒளி மறைகிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.