வாவியை நாலாகப் பிரித்துக் கற்பிப்போம்: ஜிக்சோ முறை, ஒரு பாடவேளைக்கு

குழுச் செயற்பாடு என்றால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? கையெழுத்து அழகான பிள்ளை டிமைத்தாளில் எழுதும், மற்றவர்கள் மார்க்கர் மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவருக்கு வேலை ஓடாது என்ற நிலை வந்தால்தான் அது கூட்டுக் கற்றல். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜிக்சோ நல்லது: பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முறுகிக்கொண்டிருந்த நேரத்தில் உளவியலாளர் எலியட் அரன்சன் உருவாக்கிய முறை இது.

மட்டக்களப்பு வாவியையே பாடமாக எடுப்போம். வகுப்பில் 32 பேர், நேரம் 40 நிமிடம்.

1. முதல் நாளே நான்கு துண்டுத்தாள் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஆறேழு வரி. ஒன்று முகத்துவாரம், அதாவது வாவி கடலோடு சேரும் இடம்: கோடையில் மணல் மேடு அடைப்பது, மாரி வெள்ளத்தில் வெட்டிவிடுவது, அதனால் தண்ணீரின் உப்பு மாறுவது. மற்றவை கண்டல், மீனும் இறாலும், எழுவான்கரை (கிழக்குக் கரை), படுவான்கரை (மேற்குக் கரை) மக்களின் தொழில். ஒரு தாளில் இருப்பது இன்னொன்றில் இருக்கவே கூடாது.

2. நால்வராக எட்டு வீட்டுக்குழு, அதாவது பிள்ளைகள் பிறகு திரும்பி வரும் சொந்தக் குழு. நீங்களே பிரியுங்கள், விட்டால் கூட்டாளிமார் ஒன்றாக ஒட்டிக்கொள்வார்கள். ஆளுக்கொரு தாள். (5 நிமிடம்)

3. ஒரே தாள் கிடைத்தவர்கள் நிபுணர் குழுவாகச் சேரட்டும். எட்டுப் பேர் ஒரு குழுவில் இருந்தால் நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள், அதனால் இரண்டாக உடையுங்கள். வாசிப்பு சிரமமான பிள்ளை தைரியம் பெறுவது இங்கேதான், அவசரப்படுத்த வேண்டாம். (13 நிமிடம்)

4. தாள்களைத் திருப்பி வாங்கிவிடுங்கள். இதை விட்டால் எல்லாம் போச்சு, பார்த்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக்குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு மூன்று நிமிடம் சொல்லிக்கொடுக்கட்டும். “ரீச்சர், இவன் ஒண்டும் சொல்றான் இல்ல” என்று முறைப்பாடு வரும். நீங்கள் பதில் சொல்லிக் காப்பாற்றப் போகாதீர்கள். “அவனிட்ட ஒரு கேள்வி கேளுங்க, உப்பு எப்ப கூடும் எண்டு” என்றால் போதும். (12 நிமிடம்)

5. கடைசியாக, நான்கு தலைப்பையும் தொட்டு மொத்தம் ஐந்து கேள்வி, ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுதட்டும். பார்த்தெழுத விடக்கூடாது. (8 நிமிடம்)

மழைக்காலத்தில் வரவு குறைந்து 30 பேர்தான் வந்தார்களா? ஏழு குழு போக மிஞ்சும் இருவரை ஏதாவது இரண்டு குழுக்களில் ஆளுக்கொன்றாகச் சேர்த்து, அந்தக் குழுக்களில் மட்டும் ஒரு தாளை இருவருக்குமாகக் கொடுங்கள். அப்புறம், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் இன்று சத்தம் கூடும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.