மழைக்கால அரிசி, பருப்பைக் கோடையிலேயே கட்டி வைக்கும் முறை

2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கமும் வெள்ளம் வந்தபோது கடை திறந்திருந்தாலும் போய்ச் சேர வழியில்லை. அப்படிப்பட்ட நாளுக்கான அரிசியை ஐப்பசியில் வாங்கி அடைப்பது தப்பு. காற்றே நீர் கோத்திருக்கும் மாதத்தில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். மாசி, பங்குனி, சித்திரைக்குள் வேலை முடிய வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, புதுத் துவரையும் கடைக்கு வந்துவிடுகிற நேரம் அது.

பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 375 கிராம் தானியம், 75 கிராம் பருப்பு என்று வைத்தால், நாலு பேருக்கு ஒரு மாதத்துக்கு 45 கிலோ தானியமும் 9 கிலோ பருப்பும் ஆகும். இதில் ஒரு 3 கிலோ அவலாக இருக்கட்டும். கேஸும் தண்ணீரும் தட்டுப்படும் நாளில் மூட்டை அரிசியைவிட ஒரு படி அவல் உதவும். ஆனால் அவல் சில மாதம்தான் தாங்கும், அதை மட்டும் புரட்டாசியில் வாங்கலாம்.

எல்லாத் தானியமும் ஒன்றுபோலத் தாங்காது. தீட்டிய அரிசி, புழுங்கலோ பச்சையோ, நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரு வருடம் தாராளமாக நிற்கும். புழுங்கல் மணி கெட்டி என்பதால் வண்டுக்கு அதில் துளைபோடுவது கொஞ்சம் சிரமம். கைக்குத்தல் அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் காறல் வாடை வந்துவிடும். முழுக் கேழ்வரகுதான் இருப்பதிலேயே கெட்டிக்காரத் தானியம். மணி அவ்வளவு சின்னதாக இருப்பதால் உள்ளே குடியிருக்க வண்டுக்கு இடம் போதாது, வருடக்கணக்கில் கிடக்கும். சாமை, தினையை உமியோடு வைத்தால் தாங்கும், தீட்டி வாங்கினால் இரண்டு மூன்று மாதம்தான். மாவு எதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கம்பு மாவு இரண்டு வாரத்திலேயே கசக்கும்.

இனி ஈரம். சேமிக்கிற அரிசியில் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பருப்பில் 10 சதவீதம் நல்லது. கடை மூட்டையில் அரிசி பெரும்பாலும் 13, 14-ல்தான் இருக்கும். வீட்டில் இதை அளக்க எளிய வழி: காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்றை ஒரு பாட்டில் அரிசிக்குள் போட்டு மூடி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அது காட்டுவது அரிசியின் ஈரம் இல்லை, பாட்டிலுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம். அது 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைக்கலாம். 65-ஐத் தாண்டினால் இன்னும் காய வேண்டும். அதுவும் இல்லையென்றால் பல்லில் வைத்துக் கடியுங்கள். ‘டக்’கென்று இரண்டாக உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம்.

அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் கொட்டாதீர்கள். மணி வெடித்து, பாதி நொய்யாகிவிடும். வீட்டுக்குள் பழைய வேட்டியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டு, நாளுக்கு நாலைந்து முறை கிளறி, இரண்டு நாள் உலர்த்தினால் போதும். பருப்புக்கும் கேழ்வரகுக்கும் வெயில் ஆகும். முதல் நாள் மொட்டை மாடியில் திறந்து காயவைத்து ஈரத்தை ஓட்டிவிடுங்கள். இரண்டாம் நாள் கறுப்புத் தார்ப்பாயில் 2, 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் விரிப்பைப் போட்டு, ஓரங்களில் செங்கல் வையுங்கள். காலை 11 முதல் 3 மணி வரை அப்படியே இருந்தால் உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும். வண்டும் முட்டையும் சேர்ந்து செத்துப்போகும். முதல் நாளை விட்டுவிட்டு நேரே விரிப்பைப் போடுகிறவர்கள் உண்டு; ஆவி பாலித்தீனில் முத்து முத்தாகக் கோத்து மறுபடி பருப்பிலேயே சொட்டும்.

காய்ந்ததைச் சூடாகவே டப்பாவில் கொட்டக்கூடாது, அங்கேயும் இதே சொட்டல்தான். அதற்காக ராத்திரி முழுக்க மாடியில் விட்டால் பனியைக் குடிக்கும். நாலு மணிக்கு உள்ளே கொண்டுவந்து, விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிட்டு, அன்று இருட்டுவதற்குள் அடைத்துவிடுங்கள்.

மூடிய டப்பாவுக்குள் வண்டு எப்படி வந்தது என்று பலர் கேட்பார்கள். அது வெளியிலிருந்து வரவில்லை. அரிசிக் கூன்வண்டு மணியில் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, துளையை அடைத்துவிடுகிறது. நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதம் சொச்சத்தில் வளர்ந்து மணியை ஓட்டை போட்டு வெளியே வரும். வெயில் காட்ட முடியாத அரிசியை 3 கிலோ, 5 கிலோவாகக் கட்டி ஃப்ரீசரில் ஐந்து நாள் வைத்தால் முட்டை சாகும். எடுத்தபின் பை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள். பிரித்தால் குளிர்ந்த அரிசியில் வியர்த்துவிடும்.

வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாயெல்லாம் வண்டை விரட்டும், மணிக்குள் இருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது. போடுவதானால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த இலையாகப் போடுங்கள். பச்சை இலையைப் போட்டு இறுக்கி மூடிய டிரம்மை இரண்டு மாதம் கழித்துத் திறந்தால், இலையைச் சுற்றி ஒரு கைப்பிடி அரிசி கறுத்துக் கட்டியாகியிருக்கும். போரிக் பவுடர் கலப்பதை விட்டுவிடலாம், அது சாப்பாட்டுப் பொருள் இல்லை. கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

துவரம்பருப்புக்குப் பழைய ஆமணக்கெண்ணெய் முறை இன்றும் சரிதான்: கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. உள்ளங்கையில் தடவிப் பருப்பைப் பிசறினால் பளபளப்பு வரும், கையில் ஒட்டாது. ஒட்டினால் எண்ணெய் அதிகம், நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

பாத்திரத்தில் செலவழிக்க வேண்டியதில்லை. 20 லிட்டர் டிரம்மில் 16 கிலோ அரிசி பிடிக்கும். ஆனால் தினமும் திறந்தால் அடைத்ததற்கே அர்த்தமில்லை. 2 லிட்டர் குளிர்பான பாட்டில்தான் எங்கள் தேர்வு. ஒன்றுக்கு 1.6, 1.7 கிலோ அரிசி. ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும், தண்ணீர் ஏறினால் தூக்கிப் பரணில் அடுக்கலாம். கழுவி, கவிழ்த்து, மூடி கழற்றி மூன்று நாள் காயவையுங்கள். தட்டித் தட்டி கழுத்துவரை நிரப்புங்கள், காற்றுக்கு இடம் குறையும். எலி மட்டும் பிளாஸ்டிக்கைக் கடிக்கும், ஆகவே பாட்டில்களைத் தகர டின்னிலோ எவர்சில்வர் அண்டாவிலோ அடுக்கி மூடுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் வைப்பதானால் ஆக்சிஜன் உறிஞ்சி பாக்கெட் போடலாம். கணக்கு இதுதான்: அரிசி நிறைந்த 2 லிட்டர் பாட்டிலில் மணிகளுக்கிடையே சுமார் 800 மில்லி காற்று, அதில் ஐந்தில் ஒரு பங்கு, 160 மில்லி, ஆக்சிஜன். 200 அல்லது 300 சிசி (சிசி என்றால் மில்லிதான்) பாக்கெட் ஒன்று போதும். 20 லிட்டர் டிரம்முக்கு 2000 சிசி. உறையைப் பிரித்த அரைமணிக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் பாட்டிலின் பக்கம் உள்வாங்கியிருந்தால் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறது. புடைப்பாகவே இருந்தால் மூடி கசிகிறது அல்லது பாக்கெட் செத்தது. மெழுகுவர்த்தி ஏற்றி மூடும் வித்தை பலிக்காது. ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும், வண்டுக்கு அது தாராளம். போதாக்குறைக்கு எரியும் மெழுகு நீராவியையும் விடும்.

தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்பு ஆவி படாத இடத்தில் வையுங்கள். கான்கிரீட் தளத்தை ஒட்டிய பரண் கோடையில் கொதிக்கும். அங்கே வருடம் முழுக்க இருந்த கொண்டைக்கடலை எவ்வளவு ஊறினாலும் வேகாது. பாட்டிலில் மாதமும் வருடமும் எழுதி, புதியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் இழுத்துச் சமைத்துக்கொண்டே வாருங்கள்.

திறக்கும்போது வண்டு இருந்தால் புடைத்து, இளவெயிலில் காட்டிச் சாப்பிடலாம். பூசணம் பிடித்திருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ அந்தப் பாட்டில் முழுதும் குப்பைக்குத்தான். கழுவினாலும் வேகவைத்தாலும் பூஞ்சை நஞ்சு போகாது, மாட்டுக்கும் வைக்காதீர்கள்.